கூப்பிட்டால் திரும்பாதவள்

12 ஆகஸ்ட் 1975, செவ்வாய்

தெருவில் மிளகாய் லாரி வந்து மூட்டை இறக்கினார்கள். மத்தியானம் வரை வீட்டில் எல்லோருக்கும் தும்மல். ஆரியசாலையில் பிறந்தவர்களுக்கு இது பழக்கம். குட்டிக்கு இன்னும் பழகவில்லை. ஒவ்வொரு தும்மலுக்கும் தானே திடுக்கிட்டு, யார் செய்தது என்று சுற்றிப் பார்த்து, பிறகு சிரிக்கிறாள்.

மாலையில் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்று, தெளிவாக, "அம்மா" என்றாள்.

திரும்பினேன். வேறு யாரும் இல்லை. என்னைத்தான்.

உதடுகள் சேர்ந்து பிரியும்போது வரும் ஒலி அது. பிள்ளை வாய்க்கு முதலில் பிடிபடுவது அதுதான். சுவரைப் பார்த்தும் சொல்வார்கள், பூனையைப் பார்த்தும் சொல்வார்கள். காரியவட்டத்துப் பல்கலைக்கழக வளாகத்தில் இரண்டு வருடம் எம்.ஏ. உளவியல் படித்ததில் இது எனக்குத் தெரியும். ஆனால் அம்மா அடுக்களையிலிருந்து ஈரக்கையோடு ஓடி வந்துவிட்டாள். "கேட்டியாட்டி, பிள்ள யார விளிக்கான்னு?" அக்கா போனபிறகு அம்மாவின் முகத்தில் அந்த வெளிச்சத்தை இன்றுதான் பார்க்கிறேன். அப்பா கடையிலிருந்து வந்ததும், செருப்பைக் கழற்றும் முன்பே அவரிடம் சொன்னாள்.

அக்கா வடிவு மஞ்சள் காமாலையில் போனபோது குட்டிக்குப் பத்து மாதம். இப்போது ஒன்றரை வயது.

வெறும் ஒலி. வெறும் ஒலிதான்.

15 ஆகஸ்ட், வெள்ளி

அம்மா சொல்லிக்கொடுக்கிறாள். போன வாரம் வரை "சித்திட்ட போ" என்று சொன்னவள் இப்போது என்னைக் கைகாட்டி, "அம்மாட்ட போ, அம்மா தருவா" என்கிறாள். நான் பார்த்தால் தலையைக் குனிந்து அரிசியில் கல் பொறுக்குகிறாள்.

எனக்குப் புரியாமல் இல்லை. மூத்தவள் போனால் இளையவளைக் கொடுப்பது எங்கள் ஆட்களில் வழக்கம். பிள்ளையும் இருந்தால் யோசிக்கவே மாட்டார்கள். ஆனால் வருடம் முடிந்து தலைத்திவசம் கழியும் முன் அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது, அது போனவளுக்குச் செய்யும் மரியாதைக் குறைவு. ஆகவே யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பிள்ளையின் வாயில் வைத்துக் கேட்கிறார்கள்.

கேட்காத கேள்விக்கு எப்படி மாட்டேன் என்று சொல்வது?

17 ஆகஸ்ட், ஞாயிறு

அத்தான் வந்திருந்தார். அக்காவின் கணவர். வித்துராவுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீசில் குமாஸ்தா. ஞாயிறுதோறும் முதல் பஸ்ஸில் இறங்கி வந்து, ஒரு பொட்டலம் தேயிலைத்தூளை மேசைமேல் வைத்துவிட்டு, கைகளை மடியில் கோத்துக்கொண்டு உட்காருவார். எமர்ஜென்சி வந்தபிறகு பஸ் நேரத்துக்கு ஓடுகிறது என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா மிளகாய் விலை சொன்னார். குட்டி அவரிடம் போகவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாள்.

இதுவரை அம்மாதான் அவருக்குப் பரிமாறுவாள். இன்று, "எனக்கு இடுப்பு பிடிச்சிருக்கு, நீ போடு மக்கா" என்றாள். காலையில் அக்காவின் நீலச் சேலையை எடுத்துத் தந்து, "சும்மா பெட்டிக்குள்ள கெடக்கு" என்று சொன்னபோதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். உடுத்திக்கொண்டேன். சேலைதானே என்று.

அத்தான் சேலையைப் பார்த்தார். பிறகு சாப்பிட்டு முடியும்வரை இலையைவிட்டு நிமிரவில்லை.

26 ஆகஸ்ட்

மைசூரிலிருந்து பதில் வந்துவிட்டது. பேச்சு, செவிப் பயிற்சிப் படிப்புக்கு என்னை எடுத்துக்கொண்டார்கள். அடுத்த ஜூலையில் சேர வேண்டும்.

அப்பாவிடம் சொன்னேன். போன வருடம் இந்த விண்ணப்பத்தைப் பற்றிப் பேசியபோது, "போயிப் படி, பேசாத பிள்ளைகளப் பேச வைக்கது புண்ணியம்லா" என்றவர். இன்று, "பாப்போம்" என்றார்.

அக்கா இருந்திருந்தால் என்று நினைப்பதை நிறுத்த வேண்டும். அக்கா இருந்திருந்தால் இந்த வீட்டில் எதுவுமே இப்படி இல்லை.

7 செப்டம்பர், ஞாயிறு

பாடப்புத்தகத்தில் அந்த அட்டவணையை மறுபடி பார்த்தேன். பிறப்பிலிருந்து முதுமைவரை மனிதனுக்கு எட்டுப் பருவங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு இழுபறி. முதல் பருவத்தில் குழந்தை கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்று: நான் கூப்பிட்டால் இந்த உலகம் வருமா, வராதா? வரும் என்று தெரிந்துகொண்டால் அடுத்த படி. வராது என்று தெரிந்துகொண்டால் எல்லாப் படியிலும் அது கூடவே ஏறி வரும்.

ஆறாவது பருவம் என் வயதுக்கு உரியது. இன்னொருவரோடு நெருக்கம், அல்லது தனிமை. அதற்கு முன் ஐந்தாவதைக் கடந்திருக்க வேண்டும்: நான் யார்? அது தெரியாமல் நெருங்கினால் நெருக்கம் ஆகாது, கரைந்துபோவதுதான் என்று போட்டிருக்கிறது. எவ்வளவு ஒழுங்கு. புத்தகத்தில் ஒரு பருவம் முடிந்துதான் அடுத்தது. இந்த வீட்டில் ஒரே அறையில் எல்லோரும் எல்லாப் பருவத்திலும் இருக்கிறோம், ஒருவர் படியை இன்னொருவர் காலால் மறித்துக்கொண்டு.

அம்மா எந்தப் பருவம்? பெற்றதில் ஒன்றைப் புதைத்துவிட்டு மற்றதை அந்தக் குழியிலேயே நட்டுவைக்கப் பார்க்கும் பருவத்துக்குப் புத்தகத்தில் பெயர் இல்லை.

கொடுமையான வாக்கியம். அடிக்காமல் விடுகிறேன்.

10 செப்டம்பர்

முடிவெடுத்துவிட்டேன். குட்டி "அம்மா" என்றால் நான் திரும்பப் போவதில்லை. "சித்தி" என்றால் மட்டும் திரும்புவேன். திட்ட வேண்டாம், திருத்த வேண்டாம், திரும்பாமல் இருந்தால் போதும். பதில் கிடைக்கும் சொல் நிலைக்கும், கிடைக்காத சொல் தானே உதிரும். வகுப்பில் இதைப் படமாகப் போட்டுக் காட்டினார்கள்.

பெரியவர்களிடம் சொல்ல முடியாத மாட்டேனை ஒன்றரை வயதுப் பிள்ளையிடம் சொல்கிறேன். வேறு யாரிடம் சொல்ல?

19 செப்டம்பர்

"தித்தி" என்றாள்.

தூக்கிக்கொண்டு முற்றம் முழுக்கச் சுற்றினேன். மறுபடி சொல்ல வைக்கப் பார்த்தேன். சொல்லவில்லை. என் மூக்கைப் பிடித்து இழுத்தாள்.

28 செப்டம்பர், ஞாயிறு

சாப்பாட்டு நேரம் சண்டை நேரமாகிவிட்டது. அம்மா பருப்புச் சோற்றை உருட்டிக் கையில் வைத்துக்கொண்டு, "'அம்மா, தா'ன்னு சொல்லு, தாரேன்" என்கிறாள். அம்மா என்பது என்னைத்தான். நான் எதிரில் உட்கார்ந்து, "சித்தி சொல்லு குட்டி" என்கிறேன். பிள்ளை அவளைப் பார்க்கிறது, என்னைப் பார்க்கிறது, உருண்டையைப் பார்க்கிறது.

"நீ என்னத்துக்குட்டி இப்படிப் பிடிவாதம் பிடிக்கே? ஒரு சொல்லுதானே."

"ஒரு சொல்லுதானேம்மா. நீ விட்டுரேன்."

அம்மா உருண்டையைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு எழுந்து போனாள். குட்டி தானே எடுத்துத் தின்றது.

4 அக்டோபர்

பக்கத்து வீட்டுப் பார்கவியம்மா நடுவர் வேலைக்கு வந்தாள். மதிலுக்கு மேலே இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, "எந்தினா வழக்கு? குஞ்ஞம்மேன்னு விளிக்கட்டே. தீர்ந்நில்லே?" என்றாள். சித்திக்கு மலையாளத்தில் குஞ்ஞம்மா, அப்படிக் கூப்பிட்டால் சண்டை தீர்ந்ததே என்று. அம்மாவுக்கு மெத்தப் பிடித்துவிட்டது. அதற்குள்ளும் ஒரு அம்மா இருக்கிறதே. "அதுவும் கொள்ளாம்" என்றாள்.

நான் முடியாது என்றேன். பார்கவியம்மா சிரித்துக்கொண்டே, "இவள் வக்கீலாவேண்டதாயிருந்நு" என்று சொல்லிவிட்டுப் போனாள், வக்கீலாகியிருக்க வேண்டியவளாம் நான்.

சிரிப்பு வந்தது எனக்கும். எவ்வளவு நாளாயிற்று.

23 அக்டோபர்

குட்டி பேசுவது குறைந்திருக்கிறது. நானாகக் கற்பனை செய்கிறேனா? காக்கையைப் பார்த்தால் "கா" என்பாள். இப்போது விரலை மட்டும் நீட்டுகிறாள். பார்கவியம்மாவிடம் கற்றுக்கொண்ட "மதி", போதும் என்பதற்கு, அதையும் காணோம். வாயை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்புகிறாள். "பூ", "ப்பா", "இன்னா"... ஒவ்வொன்றாக எங்கே போயின?

வேண்டியது இருந்தால் சேலையைப் பிடித்து இழுக்கிறாள்.

சில பிள்ளைகள் நடை பழகி ஓடத் தொடங்கும்போது பேச்சைக் கொஞ்சம் நிறுத்திவைப்பார்கள். அப்படி இருக்கும்.

3 நவம்பர்

தீபாவளி. வருடம் கழியாததால் வீட்டில் ஒன்றும் இல்லை. தெருவில் வெடிச் சத்தம். குட்டி என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள், சத்தமே இல்லாமல்.

எனக்கும் ஒரு காலம் பேச்சு நின்றிருந்தது. ஐந்து வயதில் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டார்கள். எல்லாம் மலையாளம். வீட்டில் மலையாளம் காதில் விழுந்திருக்கிறது, ஆனால் அது தெருவின் பாஷை, என்னைப் பார்த்து யாரும் பேசியதில்லை. மாதக்கணக்கில் வாய் திறக்கவில்லை. சார் என்னை "ஊம" என்று வரிசையின் கடைசியில் உட்காரவைத்தார். இடைவேளை மணி அடித்ததும் மேல்வகுப்பிலிருந்து அக்கா ஓடி வருவாள். பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் கதை கதையாகப் பேசுவாள். சார் பார்த்தார், கோழி பார்த்தேன், மத்தியானம் என்ன குழம்பு. நான் "ம்" கூடச் சொல்ல வேண்டாம். ஒருநாள் வகுப்பில் முழு வாக்கியம் மலையாளத்தில் வந்தது. எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

பள்ளிக்கூடத்தில் தமிழ் இல்லாததால் எனக்குத் தமிழ் எழுத்துப் போட்டுக்கொடுத்தவளும் அக்காதான். படித்ததெல்லாம் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும். அழுவதற்கும் இதை எழுதுவதற்கும் மட்டும் அவள் தந்தது.

அவள் பிள்ளைக்கு நான் என்ன தந்தேன்?

19 நவம்பர், புதன்

எழுதியே ஆக வேண்டும்.

மத்தியானம் அம்மா கஞ்சிப் பானையை இறக்கி அடுக்களைத் தரையில் வைத்துவிட்டு, கொல்லையில் பார்கவியம்மாவோடு பேசப் போயிருக்கிறாள். நான் முன்னறையில் மேசையில் படித்துக்கொண்டிருந்தேன். சேலையை இழுப்பது தெரிந்தது. திரும்பவில்லை. பேசட்டும், ஏதாவது சொல்லட்டும், எந்தச் சொல்லானாலும் சரி, சொன்னால் திரும்புவோம் என்று இருந்தேன். அப்படித்தான் ஒரு வாரமாகச் செய்துகொண்டிருந்தேன். பக்கத்தைப் புரட்டினேன். மறுபடி ஒரு இழுப்பு. பிறகு இழுப்பு நின்றுவிட்டது.

பக்கம் முடிந்து திரும்பினேன். அங்கேயேதான் நின்றாள். வலது கையை முன்னால் நீட்டிப் பிடித்திருந்தாள், யாரோ கொடுத்த ஒரு பொருளை ஏந்துவதுபோல. விரலெல்லாம் கொப்புளம். முகம் முழுக்கக் கண்ணீர். வாய் திறந்திருந்தது. சத்தம் இல்லை.

எவ்வளவு நேரம் நின்றாள்?

நான் போட்ட கூச்சலில் அம்மா ஓடி வந்தாள். அம்மா அலறினாள். பார்கவியம்மா அலறினாள். பிள்ளை மட்டும் அலறவில்லை.

சொல் உதிரும் என்று படித்தேனே. கத்தலும் உதிரும் என்று யாரும் சொல்லித்தரலையே.

இல்லை, சொல்லித்தந்தார்கள். அட்டவணையில் முதல் வரி.

20 நவம்பர்

கட்டு மாற்றவும், ஏன் அழவில்லை என்று கேட்கவும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அப்பா கடைக்கு லீவு சொல்லிவிட்டு வந்தார். பெஞ்சு நிறையக் கூட்டம். குட்டி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு இறங்க மறுத்தாள். டாக்டர் கட்டைப் பிரித்தார். வலித்திருக்க வேண்டும். உடம்பு விறைத்தது, அவ்வளவுதான்.

"குட்டி கரயுந்நில்லல்லோ" என்றார், பிள்ளை அழவில்லையே என்று. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "அம்மயாணோ?" என்று கேட்டார்.

இல்லை, அம்மா செத்துப்போய்விட்டாள் என்று அந்தப் பிள்ளையின் காதுக்குப் பக்கத்தில் சொல்ல வேண்டும். அவள் நகம் என் பிடரியில் பதிந்திருந்தது. பின்னால் அடுத்த ஆள் காத்திருந்தான்.

"அதே" என்றேன். ஆமாம் என்று.

காது நன்றாகக் கேட்கிறது, பேசுவாள், பயந்திருக்கிறாள், நிறையப் பேசிக்கொண்டிருங்கள் என்றார். எனக்குத் தெரியாததை ஒன்றும் சொல்லவில்லை.

திரும்பும்போது, சாலையில் இறங்கியதும் அப்பா பூக்காரியிடம் நின்றார். பிச்சிப்பூ வாங்கினார். அக்கா போனபிறகு எங்கள் வீட்டுக்குப் பூ வாங்கியதில்லை. இலைப் பொட்டலத்தை என்னிடம் நீட்டியபோது அவர் கண் கலங்கியிருந்தது. அப்போதும் எனக்குப் புரியவில்லை. வீட்டுக்குள் நுழைந்து அம்மாவிடம் சொன்னாரே, அப்போதுதான்:

"அவளே சொல்லியாச்சு."

23 நவம்பர், ஞாயிறு

இல்லை என்று சொல்லலாம். டாக்டரிடம் ஒரு பேச்சுக்குச் சொன்னேன் என்று சொல்லலாம். ஒரு வாக்கியம்தான்.

அத்தான் வந்து கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். "எப்படி?" என்றார். அம்மா, "நான்தான் பானைய வச்சுட்டுப் போயிட்டேன், மாப்பிள்ள" என்று பழியை எடுத்துக்கொண்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. பிள்ளையிடமிருந்து கற்றுக்கொண்டேன் போலும்.

இப்போது சின்ன அசைவுக்கும் திரும்புகிறேன். நிழல் விழுந்தால் திரும்புகிறேன். நாள் முழுக்க அவளோடு பேசுகிறேன். இது கரண்டி, இது மழை, இது உன் கால். கூப்பிடு குட்டி, அம்மான்னு கூப்பிடு, எப்படி வேண்டுமானாலும் கூப்பிடு. கண்ணை என் உதட்டிலேயே வைத்துக் கேட்கிறாள்.

11 டிசம்பர்

தலைத்திவசம் முடிந்தது. சுசீந்திரத்திலிருந்து அத்தானின் அம்மா சொர்ணம்மாள் வந்திருந்தார். குட்டிக்கு அவர் பேர்தான். மாமியார் பேரைச் சொல்லிக் கூப்பிடக் கூடாதென்று அக்கா "குட்டி" என்று வைத்தாள், அதுவே நின்றுவிட்டது. பெற்றவள் பிள்ளையின் பேரை ஒருமுறைகூட வாயால் சொன்னதில்லை.

சாப்பாடு முடிந்து இலை எடுக்கும் முன்பே பெரியவர்கள் பேசிவிட்டார்கள். தை பிறந்ததும். கோயிலில் வைத்து, சுருக்கமாக. சொர்ணம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம்மவனுக்குக் குடுத்து வச்சிருக்கு, மக்கா" என்றார்.

மைசூர் என்ற ஊர் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட இந்த வீட்டில் யாருக்கும் ஞாபகம் இல்லை.

நான் அழவில்லை. குட்டி பார்த்துக்கொண்டிருந்தாள்.

28 டிசம்பர், ஞாயிறு

பேசி முடித்துவிட்டதால் இப்போது சேர்ந்து வெளியே போகலாம். "பிள்ளைக்கு பஸ்ஸு காட்டிக் குடுத்துட்டு வாயேன்" என்று அம்மா எங்களைத் தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பினாள். அத்தான் குட்டியைத் தூக்கிக்கொண்டார். எனக்குச் சற்று முன்னால் நடந்தார். ஸ்டாண்டில் கல் பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"ராஜமணி, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளுங்க அத்தான்."

"ஆஸ்பத்திரியில அதேன்னு சொன்னியாமே. அது பிள்ளைக்குச் சொன்னதா, எனக்குச் சொன்னதா?"

ஐந்து மாதமாக இந்த வீட்டில், இந்தத் தெருவில், யாராவது ஒருவர் கேட்பார்களா என்று காத்திருந்த கேள்வி.

"பிள்ளைக்கு" என்றேன்.

"அப்படித்தான் நெனச்சேன்." கொஞ்ச நேரம் பஸ்களைப் பார்த்தார். "எங்கிட்டயும் யாரும் கேக்கல. மாமா தேதி சொன்னாரு, நானும் லீவுக்கு எழுதப் போனேன். காரணம்னு ஒரு எடம் இருக்கும்லா, அதுல எழுத வரல. துரைகிட்ட என்ன சொல்லுவேன், எம்பொண்டாட்டி செத்ததுக்கு இதே ஆபீசுல லீவு வாங்கினவன்." சிரிக்கப் பார்த்தார். "நீ சேலையக் கட்டிக்கிட்டு சோறு போட்டியே அன்னைக்கி. சோறு எறங்கல எனக்கு."

"நான் என்ன செய்யணும் அத்தான்?"

"நீ ஒண்ணும் செய்யாண்டாம். நான் மாட்டேன்னு சொல்லிருதேன். பழி எம்பேருல இருக்கட்டும். நீ மைசூருக்குப் போ."

"குட்டி?"

கண்டக்டர் வித்துரா, வித்துரா என்று கூவினான். அத்தான் பிள்ளையை என் மடியில் வைத்துவிட்டு, அவள் தலையில் கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். அவ்வளவு அருகில் அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. அக்கா எதற்காக இந்த மனிதரை அவ்வளவு நேசித்தாள் என்று தெரிந்தது.

நான் அவரைப் போக விட்டிருக்கக் கூடாதோ. உங்களுக்கும்தான் என்று சொல்லியிருக்கலாமோ.

இல்லை. பொய் சொல்ல முடியாத ஒரே ஆளிடம் உண்மையைச் சொன்னேன். அதற்காகவும் வருந்த வேண்டுமா?

4 ஜனவரி 1976, ஞாயிறு

சொல்லிவிட்டார். நின்றுகொண்டே சொன்னார்.

அப்பா இவ்வளவு சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. "பிள்ள வளக்க நாங்க, பொண்ணு பாக்க வேற எடமோ? எத்தன நாளா நடக்கு இது?" அத்தான் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். என்னை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. நானும் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு சொல். ஒரே ஒரு சொல் நான் பேசியிருந்தால் அந்த மனிதர் மேல் விழுந்தது என்மேல் விழுந்திருக்கும்.

அவர் போனபின் அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "ஒன்னப் போயி வேண்டாம்னுட்டானே, பாவி." இரக்கப்படுகிறாள். பக்கத்து வீடுகளிலும் இரக்கப்படுகிறார்கள். அந்த இரக்கத்தை வாங்கி உடுத்திக்கொண்டு நிற்கிறேன்.

11 ஜனவரி, ஞாயிறு

சொர்ணம்மாள் வந்து குட்டியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். "எங்க வீட்டுப் பிள்ள எங்க வீட்டுல வளரட்டும்" என்றார். அப்பா மறுக்கவில்லை, சம்பந்தம் அறுந்த வீட்டில் பிள்ளையை எந்த உரிமையில் வைத்துக்கொள்வது? அம்மா மறுத்தாள். யாரும் கேட்கவில்லை.

நாகர்கோவில் பஸ். ஜன்னலோரம் சொர்ணம்மாளின் மடியில் உட்கார்ந்திருந்தாள். கை ஆறிவிட்டது, விரல்களில் மட்டும் தோல் இளஞ்சிவப்பாக இருக்கிறது. நான் கீழே நின்றேன். கூப்பிட்டால் ஏறிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். எந்தப் பெயரானாலும். அழுதால்கூடப் போதும். ஏறி, நான்தான் அத்தானிடம் வேண்டாம் என்றேன், இப்போது வேண்டும் என்கிறேன் என்று சொல்லிவிடுவது.

என்னையே பார்த்தாள். பஸ் திரும்பும்வரை பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை.

கூப்பிடாதே என்று சொல்லிக்கொடுத்தவள் நான். நல்ல மாணவி.

12 ஜனவரி

ஒன்றும் இல்லை.

20 ஜனவரி

அம்மா என்னோடு பேசுவதில்லை என்று சொல்ல முடியாது. "சாப்பிடு" என்கிறாள். "விளக்கு ஏத்து" என்கிறாள். கொடியில் குட்டியின் துணி ஒன்று விடுபட்டுக் கிடந்தது. இரண்டு பேரும் அதை எடுக்கவில்லை.

15 பிப்ரவரி

காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. இன்றைக்கு: பால்காரன் மணி அடித்தான்.

நான் விரும்பியது கிடைத்திருக்கிறது. இதை நான் தினமும் எனக்குச் சொல்லிப் பார்க்கிறேன். தமிழில், மலையாளத்தில், ஆங்கிலத்தில். மூன்றிலும் இலக்கணம் சரியாக இருக்கிறது.

9 ஏப்ரல்

அட்டவணையில் எட்டாவது பருவம்: வாழ்ந்த வாழ்வை ஒப்புக்கொள்வது, அல்லது நம்பிக்கையிழப்பு. அறுபத்தைந்து வயதுக்கு மேல் என்று போட்டிருக்கிறது. இருபத்துமூன்று வயதில் வந்தவர்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று போடவில்லை.

2 ஜூலை

மைசூர். விடுதி அறை. குளிர்கிறது. பக்கத்துப் படுக்கைப் பெண் கன்னடத்தில் ஏதோ கேட்டாள். தெரியாது என்று கையை விரித்தேன். மறுபடி ஐந்து வயது.

7 செப்டம்பர்

அத்தானுக்குக் கல்யாணமாம், சுசீந்திரத்தில். அப்பா ஒரு வரி எழுதியிருந்தார். அத்தான் முன்னமே வேறு பெண் பார்த்துவைத்துத்தான் நம்மை வேண்டாமென்றார் என்று வீட்டில் இப்போது உறுதியாகிவிட்டிருக்கும். நான் பதிலில் அதை மறுத்து எழுதவில்லை.

14 மே 1978, ஞாயிறு

விடுமுறைக்கு வந்து ஒரு வாரம். இன்று அவர்கள் வந்திருந்தார்கள்.

அம்மாதான் வரச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறாள். இரண்டாம் தாரமாக வந்தவள் மூத்தவளின் பிறந்த வீட்டுக்கு மகளாகவேண்டும், அதுவும் எங்கள் வழக்கம்தான். செண்பகவல்லி. பத்தொன்பது, இருபது வயது இருக்கும். வந்ததும் அம்மாவின் காலைத் தொட்டாள். "அம்மா, தண்ணி எங்க இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே நேரே அடுக்களைக்குள் போய்விட்டாள். அம்மா கொஞ்சம் விறைத்து நின்றாள். பிறகு பின்னாலேயே போனாள். சிறிது நேரத்தில் இரண்டு பேரின் பேச்சும் கேட்டது. அத்தானுக்குக் காதோரம் நரைத்திருக்கிறது. "படிப்பு எப்படிப் போகுது?" என்றார். "நல்லாப் போகுது அத்தான்" என்றேன். அப்பா அவரிடம் மிளகாய் விலை சொன்னார்.

குட்டிக்கு நாலேகால் வயது. பேசுகிறாள். பேசிக்கொண்டே இருக்கிறாள். சுசீந்திரத்துத் தேர் வடத்தை யார் யார் இழுத்தார்கள், அவர்கள் வீட்டு ஆடு எதைத் தின்றது, அதற்கு ஆச்சி என்ன சொல்லி ஏசினாள். என்னையறியாமல் நான் பரிசோதிப்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தேன். நீண்ட வாக்கியங்கள். நேற்று, நாளை, அதனால், இல்லாட்டி. சில இடத்தில் ர மட்டும் வழுக்குகிறது, அது இந்த வயதுக்கு உரியதுதான். பேச்சில் குறை ஒன்றுமில்லை. என்னிடம் வரும் பிள்ளையாக இருந்தால் இனி கொண்டுவர வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருப்பேன்.

என்னைப் பார்த்து, "சித்தி, நீங்க எங்க ஊருக்கு வருவீங்களா?" என்றாள். சொல்லிக்கொடுத்து அழைத்து வந்திருக்கிறார்கள். வெளியாளிடம் பேசும் மரியாதையோடு, ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக.

"வருவேன்" என்றேன்.

மத்தியானம் எல்லோரும் சாய்ந்திருந்தபோது, செண்பகவல்லி கொல்லைப் படியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். புது வீட்டில் ஒருத்தியிடமாவது பேச வேண்டும் என்ற ஆசை முகத்தில் தெரிந்தது.

"அக்கா, நீங்க பிள்ளைகளப் பத்திப் படிக்கீங்களாமே. ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"இவ நாள் முழுக்க வாய் ஓயமாட்டா. ஆனா விழுந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ ஒரு சத்தம் வராது. அழமாட்டா, கூப்பிடமாட்டா. பின்னால வந்து நிப்பா. நான் வேலையில இருந்தா, பாத்துக்கிட்டே நிப்பா. போன மாசம் முட்டுல ரத்தம் ஒழுக ஒழுக நின்னிருக்கா, எனக்குத் தெரியல. ஏன்ட்டி கூப்பிடலைன்னு கேட்டா முழிக்கா. அத்தைட்ட கேட்டேன், அவங்களுக்கும் தெரியல. சின்னதிலேயே அப்படித்தானா?"

முற்றத்தில் குட்டி பார்கவியம்மாவிடம் மதிலைப் பார்த்து நின்று மலையாளமும் தமிழுமாக ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள். பார்கவியம்மா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள்.

"ஆமா" என்றேன். "சின்னதிலேயே அப்படித்தான்."

"அப்படியா" என்றாள் செண்பகவல்லி. அவள் முகம் தெளிந்தது. "நான் வேற, மூத்தவ பிள்ளைய நான்தான் எதுவோ பயமுறுத்திட்டேன்னு நெனச்சு நெனச்சு உறக்கமில்லாமக் கெடந்தேன் அக்கா."

என் கையை ஒருமுறை பிடித்து அழுத்திவிட்டு, காப்பி போட உள்ளே போனாள்.